சதுர அடி

சதுர அடிக்கு எண்ணூறு என்றேன்.
இஞ்ஞாசி சார் போனில் படத்தைப்
பெரிதாக்கினார், சிறிதாக்கினார்.
"பாதிக்குப் பாதி வெறும் இருட்டு.
இருட்டுக்கும் அதே ரேட்டாம்மா?"

இருட்டு சும்மா வராது சார்.
பழுப்பு, அதன்மேல் பச்சை, மறுபடி பழுப்பு,
காய்ந்தபின் கறுப்பை எண்ணெயில் கரைத்துத்
தேய்த்துத் தேய்த்து ஏழு பூச்சு.
வெளிச்சம்தான் மலிவு.
ஒரே இழுப்பு.

நானூறு வருஷத்துக்கு முந்திய படம்.
வாசற்படியில் சாய்ந்து நிற்கிறாள் தாய்,
இடுப்பில் நழுவுகிற கனத்த பிள்ளை.
எதிரே முட்டி போட்டு இரண்டு பேர்,
எங்கிருந்தோ நடந்தே வந்தவர்கள்.
நமக்குத் தெரிவது முதுகும் உள்ளங்காலும்.
தாயும் வெறுங்காலோடுதான் நிற்கிறாள்,
ஆனால் சுத்தம்.
வீட்டுக்குள் இருக்கிறவள்.

போனில் அந்தக் காலைப் பெரிதாக்கினால்
கட்டம் கட்டமாய் உடைந்து போனது.
செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டியில்
மூட்டை இறக்கும் சடையனைக் கூப்பிட்டேன்.
அரை நாள் கூலி, இரண்டு தட்டுவடை செட்.
கூச்சத்தோடு முட்டி போட்டான்.
"மூஞ்சி வேண்டாமாக்கா?"
வேண்டாம்.
"சொல்லியிருந்தா கழுவிட்டு வந்திருப்பேனே."

அவன் காலில் ஒட்டியிருந்தது வெல்லம்.
வெல்லத்தில் ஒட்டியிருந்தது தெரு.
பித்தவெடிப்புக்குள் மூன்று நாள் தேடினேன்
சரியான பழுப்பை.
குதிகாலுக்கு ஓர் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது.
மூலத்தில் இல்லை.
விட மனசில்லை.

கமிட்டி வந்து பார்த்தது.
தாய் அழகு, பிள்ளை அழகு, இருட்டுகூட அழகு.
"பீடத்துக்கு மேலே மாட்டுற படம்மா.
பூசை வைக்கிறவர் தலைக்கு நேரே
இந்தக் காலா?
கொஞ்சம் கழுவி விடு."

பெரிய வியாழனில் பார்த்திருக்கிறேன்.
பன்னிரண்டு பேர் பெஞ்சில் உட்காருவார்கள்,
சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி,
ஒருவர் பவுடர்கூடப் போட்டிருப்பார்.
ஒரு வருஷம் என் வீட்டுக்காரர்.
முந்தின ரெண்டு நாளும்
செருப்பில்லாமல் கட்டிலை விட்டு இறங்கவில்லை.
ஃபாதர் குனிந்து கழுவினார்.
ஊற்றிய தண்ணீர்
ஊற்றியபடியே பேசினில் விழுந்தது.

முன்பணம் வாடகைக்குப் போயாயிற்று.
பாக்கி அவர்கள் கையில்.
கழுவினேன்.
எண்ணெய் வண்ணத்தில் அல்ல.
வார்னிஷ் அடித்து இறுகவிட்டு
மகளின் ஸ்கூல் போஸ்டர் கலரை எடுத்தேன்.
முத்து முத்தாய் உருண்டது, ஒட்டவில்லை.
ஒரு சொட்டு சோப்பு விட்டதும் நின்றது.
ரோஜா நிறத்தில் இரண்டு ஜோடி உள்ளங்கால்,
பிறந்த பிள்ளைக்குக்கூட இருக்காது அப்படி.

கோணியில் சுற்றி மினி வேனில் ஏற்றி
இருபது கொண்டை ஊசியும்
சட்டத்தைக் கட்டிப் பிடித்தபடி போனேன்.
நாகலூர் தாண்டிக் காப்பித் தோட்டம்,
சில்வர் ஓக்குக்கு நடுவே தகரக் கூரைக் கோயில்.
மாட்டினோம். கை தட்டினார்கள்.
பாக்கியில் ஐந்நூறு பிடித்துக்கொண்டார்கள்,
இருட்டுக்கு.

ஆடி, ஆவணி.
மலையில் மேகம் கதவைத் தட்டாது,
நேரே உள்ளே வந்து உட்காரும்.

திருவிழாவுக்கு முந்தின வாரம் போன்.
"கால்ல அழுக்கு ஏறுதும்மா.
செசிலி ஈரத்துணி போட்டுத் துடைக்கிறா,
துடைக்கத் துடைக்க அதிகமாகுது."
மலை ஈரம் சார்.
"வந்து ஒரு கோட்டிங் போட்டுடேன்."
சதுர அடிக்கு எண்ணூறு.
"நாலு காலும் சேர்ந்தாக்கூட
ஒரு சதுர அடி தேறாதேம்மா..."
அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க
பின்னால் செசிலியின் குரல்:

"சார், இங்க ஒரு எறும்பு.
தட்டுனா போக மாட்டேங்குது."

தட்டினாள்.
இழுத்துக் கட்டிய துணியில்
டப், டப் என்று
சேலம் வரைக்கும் கேட்டது.